எம்பிரஸ் பிளேஸ்: பிறப்புச் சான்றிதழ் வாங்கிய இடத்தில் ஓர் அரும்பொருளகம்

எங்கள் வீட்டில் "எம்பிரஸ் பிளேஸ்" என்பது இடத்தின் பெயர் என்பதைவிட ஒரு வேலையின் பெயராகவே புழங்கியது. "நாளைக்கு எம்பிரஸ் பிளேஸ் போகணும்" என்று அப்பா சொன்னால், மறுநாள் அவர் வேலைக்கு விடுப்பு எடுத்திருக்கிறார் என்றும், அம்மா இரவிலேயே தகரப் பெட்டியைத் திறந்து வேண்டிய தாள்களை எடுத்து உறையில் போட்டு வைப்பார் என்றும், அப்பா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு காலையிலேயே பேருந்து ஏறிவிடுவார் என்றும் பொருள். பிறப்புப் பதிவு, குடியுரிமை, குடிநுழைவு ஆகிய மூன்றுக்கும் சிங்கப்பூர்க்காரர்கள் ஆற்றங்கரையோரம் இருந்த அந்த வெள்ளைக் கட்டடத்துக்குத்தான் போய் வந்தார்கள். இப்போது அங்கே ஆசிய நாகரிக அரும்பொருளகம் இயங்குகிறது. சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, எண்பத்தெட்டு வயதான அப்பாவைச் சக்கர நாற்காலியில் அமர்த்தி அழைத்துச் சென்றேன். பள்ளிப் பிள்ளைகளுடனும் வெளிநாட்டு நண்பர்களுடனும் நான் பலமுறை போன இடந்தான் அது. ஆனால் அங்கே வரிசையில் நின்ற ஒருவருடன் போனது இதுவே முதல் முறை. அதனால் இந்த மதிப்புரையில் காட்சிப் பொருள்களுக்கு முன்பாகக் கட்டடத்தைப் பற்றியே சொல்ல விரும்புகிறேன். போகிறவர்களும் கட்டடத்தை முதலில் பார்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

கட்டடத்தின் முதற்பகுதி 1864-இல் தொடங்கி 1867-இல் முடிந்தது. நீதிமன்றமாகப் பயன்பட வேண்டும் என்று திட்டமிடப்பட்டது, கட்டி முடிந்தபோது அரசாங்க அலுவலகமாகிவிட்டது. 1867 என்ற ஆண்டுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அதுவரை கல்கத்தாவின் கீழ், இந்திய நிர்வாகத்தின் ஒரு கிளையாக இருந்துவந்த சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகிய நீரிணைக் குடியேற்றங்கள் அந்த ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி நேரடியாக லண்டனின் கீழ் வந்தன. புதிய ஆட்சிக்குப் புதிய அலுவலகம் தேவைப்பட்டது. அலுவல்கள் பெருகப் பெருக, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, முன்பகுதியின் தோற்றம் கெடாதபடி பின்னாலும் பக்கத்திலும் அறைகளைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். இன்று வெளியே நின்று பார்த்தால் எது பழையது, எது பின்னால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு அவை ஒட்டி நிற்கின்றன. இந்தியாவின் பேரரசி என்று பட்டம் சூட்டிக்கொண்ட விக்டோரியாவின் நினைவாக, 1907-இல் கட்டடத்தின் முன்னிருந்த திடலுக்கு எம்பிரஸ் பிளேஸ் என்று பெயர் வைத்தார்கள். நாளடைவில் கட்டடத்துக்கும் அதுவே பெயராகிவிட்டது.

இந்தக் கட்டடத்தைக் கட்டியவர்கள் யார் என்பதைத் தமிழ் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். காலனியின் பொறியாளராகவும் கைதிகளின் கண்காணிப்பாளராகவும் இருந்த மெக்நேர் வரைபடம் போட்டார். வேலை செய்தவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு இங்கே கொண்டுவரப்பட்ட தண்டனைக் கைதிகள். 1825-இல் சுமத்ராவிலுள்ள பென்கூலனிலிருந்து முதல் கூட்டம் வந்து இறங்கியது. பிறகு சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களிலிருந்து வந்தார்கள். 1873-இல்தான் கைதிகளை இங்கே வைத்து வேலை வாங்கும் ஏற்பாடு முடிவுக்கு வந்தது. அந்த அரை நூற்றாண்டில் அவர்கள் சாலை போட்டார்கள், சதுப்பு நிலத்தைத் தூர்த்தார்கள், செங்கல் சுட்டார்கள், கல் உடைத்தார்கள். இன்று அதிபர் மாளிகையாக இருக்கும் இஸ்தானாவும், பக்கத்திலேயே நிற்கும் புனித ஆண்ட்ரு பேராலயமும் அவர்கள் உழைப்பில் எழுந்தவைதாம். பேராலயத்தின் உட்சுவருக்கு அவர்கள் பூசியது "மெட்ராஸ் சுண்ணாம்பு" என்று பெயர் பெற்ற சாந்து. கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக் கருவையும் வெல்லத்தையும் சேர்த்து அடித்து, தேங்காய் மட்டை ஊறிய நீரை விட்டுக் குழைத்து, பூசிக் காய்ந்த பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். செட்டிநாட்டு வீடுகளின் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இந்தப் பக்குவத்தை விளக்க வேண்டியதில்லை.

கட்டடத்துக்குள் நுழையும்போது அந்த மனிதர்களை நினைத்துக்கொண்டு தலையை உயர்த்திப் பாருங்கள். மேற்கூரை மிக உயரம். சன்னல்கள் ஆள் உயரத்துக்கும் மேலானவை. வெயிலை மறித்துக் காற்றை மட்டும் உள்ளே விடும்படி சாய்வான மரச்சட்டங்கள் பொருத்தியவை. மின்விசிறி வருவதற்கு முன் இந்த ஊரில் ஒரு கட்டடம் எப்படி மூச்சு விட்டது என்பதை அந்தச் சட்டங்களின் சாய்விலேயே தெரிந்துகொள்ளலாம். கீழ்த்தளத் தூண்களும், வளைவுகளும், அளவோடு நின்றுவிடும் சுதை வேலையும் ஐரோப்பியப் பாணியைச் சேர்ந்தவை. வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற அறிவு இந்தப் பக்கத்து அனுபவத்திலிருந்து வந்தது. ஓரிடத்தில் சன்னலுக்கு அருகே நாற்காலியை நிறுத்தச் சொன்ன அப்பா, சட்டங்களின் இடுக்கு வழியே விழுந்த வெளிச்சத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கதான் வரிசை வளைஞ்சு போகும்பா. உனக்குச் சர்டிபிகேட் எடுக்க வந்தப்போ மழை. ஆத்து நாத்தம் உள்ள வரைக்கும் வரும்" என்றார்.

அந்த நாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1977-இல் தொடங்கிய பத்தாண்டுத் துப்புரவுப் பணிக்கு முன்னால் சிங்கப்பூர் ஆறு அப்படித்தான் இருந்தது என்று அந்தத் தலைமுறையினர் எல்லாருமே சொல்வார்கள். கரையெங்கும் தொங்கான் என்ற சரக்குப் படகுகளும் மூட்டைகளும் நிறைந்திருந்த காலம் அது. இன்று அதே கரையில் காலை நேரத்தில் நடைப்பயிற்சி செய்கிறார்கள்.

நான் 1966-இல் பிறந்தவன். என் பிறப்புச் சான்றிதழில் என் பெயருக்கும் அப்பா பெயருக்கும் இடையில் "எஸ்/ஓ" என்று இரண்டு எழுத்துகளும் ஒரு சாய்கோடும் இருக்கின்றன. சிங்கப்பூரில் பிறந்த தமிழர்களில் என் வயதினர் அனைவருக்கும் தெரிந்த எழுத்துகள் இவை. ஊரில் முதலெழுத்தாக நின்ற தகப்பன் பெயர் இங்கே முழுப் பெயராகி, நடுவில் "இன்னார் மகன்" என்ற குறிப்போடு வாழ்நாள் முழுவதும் கூடவே வரும். தேர்வுத் தாள், தேசிய சேவை ஆவணம், கடப்பிதழ், வங்கிக் கணக்கு என்று எங்கெல்லாம் அந்த இரண்டு எழுத்துகளை எழுதியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தால், அவை முதன்முதலில் ஏட்டில் ஏறியது இந்தக் கூரையின் கீழ்தான். குடியுரிமைச் சான்றிதழ் வாங்கிய நாளையும் அப்பா இங்கேதான் நினைவுகூர்ந்தார். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய இளைஞன், திரும்பிப் போவதா வேண்டாமா என்ற கேள்வியை இந்த மேசைகளில் ஒன்றின் முன் நின்று கையெழுத்தாகத் தீர்த்துக்கொண்டான். இப்படிப்பட்ட முடிவுகள் ஆயிரக்கணக்கில் நடந்த இடம் என்பதாலேயே, எந்தக் காட்சிப் பொருளும் இல்லாமல் வெறும் கட்டடமாகத் திறந்து வைத்திருந்தாலும் நான் இதைப் போய்ப் பார்த்திருப்பேன்.

1980-களில் அலுவலகங்கள் வெளியேறின. கட்டடம் பழுது பார்க்கப்பட்டு 1989-இல் எம்பிரஸ் பிளேஸ் அரும்பொருளகம் என்ற பெயரில் கண்காட்சிக் கூடமாயிற்று. ஆசிய நாகரிக அரும்பொருளகம் 1997-இல் ஆர்மீனியன் தெருவிலுள்ள பழைய தாவ் நான் பள்ளிக் கட்டடத்தில் தொடங்கி, 2003 மார்ச்சில் இந்தக் கட்டடத்துக்கு வந்தது. பழைய பள்ளி இப்போது பெரானக்கான் அரும்பொருளகமாக இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஆற்றைப் பார்த்தபடி ஒரு புதிய பகுதியும், டைட்டேனியத் தகடு போர்த்திய இன்னொரு பகுதியும் சேர்க்கப்பட்டன. பழைய கட்டடத்தில் புதிய உறுப்பு சேர்க்கும் வேலை பெரும்பாலும் ஒட்டுப் போட்டதுபோல் முடிந்துவிடும். இங்கே அப்படி ஆகவில்லை. புதிய பகுதி பழையதைப் போல வேடமிடவில்லை. தன் காலம் எது என்று வெளிப்படையாகக் காட்டிக்கொண்டு, பழைய சுவரைத் தொடும் இடத்தில் மட்டும் ஒதுங்கி, மேலிருந்து வெளிச்சம் இறங்க இடம் விடுகிறது. அந்த வெளிச்சத்தில் பழைய வெளிச்சுவர் உட்சுவராக நிற்பதைப் பார்க்கலாம். ஆற்றுப் பக்க வாசல் திறந்ததால் கட்டடத்துக்குக் கிடைத்த நன்மை பெரிது. துறைமுகத்தால் பிழைத்த ஊரின் கட்டடம், ஆற்றை நோக்கி முகம் திருப்பிக்கொண்டிருக்கிறது.

அலுவலகமாக இருந்ததன் தடயங்கள் மறைந்துவிட்டதே என்ற ஒரு குறை எனக்கு உண்டு. ஓர் அரசு அலுவலகத்தை அரும்பொருளகமாக மாற்றும்போது எல்லாத் தலைமுறையும் சந்திக்கும் கேள்விதான் இது. கலைப் பொருளுக்கு இடம் வேண்டும். குளிரூட்டமும் ஈரப்பதக் கட்டுப்பாடும் வேண்டும். மேசையையும் முத்திரைக் கட்டையையும் வைத்துக்கொண்டு சீனத்துப் பீங்கானை எங்கே வைப்பது? நியாயம் புரிகிறது. ஆனாலும் அப்பாவைப் போன்றவர்கள் உள்ளே வந்து தேடும் அந்த மர மேசை ஒன்றே ஒன்றாவது, பதிவேடு ஒன்றாவது, எளிதில் கண்ணில் படும் இடத்தில் இருந்தால் எவ்வளவு நிறைவாக இருக்கும் என்று தோன்றியது.

காட்சிப் பொருள்களுக்கு வருகிறேன். நேரம் குறைவாக இருப்பவர்கள் கீழ்த்தளத்திலுள்ள, சீனத் தாங் அரசமரபின் காலத்துக் கப்பல் பொருள்களைக் காட்டும் தாங் கப்பல் கூடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினாலும் வந்த பயன் கிடைத்துவிடும். 1998-இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கடலட்டை தேடி மூழ்கியவர்கள் கடலடியில் ஒரு மேட்டைக் கண்டார்கள். தோண்டியபோது 9-ஆம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்றும், அதன் வயிற்றில் 60,000-க்கும் மேற்பட்ட சீனப் பீங்கான் பொருள்களும் கிடைத்தன. சீனாவிலிருந்து மேற்கே, அரபு நாடுகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்த கப்பல் அது. கிண்ணம் ஒன்றில் பொறித்திருந்த தேதி கி.பி. 826-ஆம் ஆண்டைக் குறிப்பதால் காலத்தைத் தீர்மானிக்க முடிந்தது. சிங்கப்பூர் இந்தப் புதையலின் பெரும்பகுதியை 2005-இல் வாங்கியது.

நூற்றுக்கணக்கான கிண்ணங்கள் ஒரே இடத்தில் அடுக்கப்பட்டிருப்பதைப் பார்த்ததும் வியப்பு ஏற்படும். அந்த வியப்போடு நகர்ந்துவிடாமல், குனிந்து ஒரு கிண்ணத்தை மட்டும் நிதானமாகப் பாருங்கள். உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவு. விளிம்பில் நான்கு பக்கமும் பழுப்புச் சாயத்தில் தோய்த்து எடுத்த திட்டு. நடுவில் பழுப்பும் பச்சையுமாக ஒரு பறவையோ, அலையோ, பூவோ. தூரிகை இரண்டு மூன்று இழுப்புகளில் வேலையை முடித்திருக்கிறது. நாளொன்றுக்கு நூறு கிண்ணம் தீட்டும் கைக்குத்தான் அந்த வேகம் வரும். பக்கத்துக் கிண்ணத்தில் அதே பறவைக்கு வால் சற்று நீண்டிருக்கும், அதற்கடுத்ததில் தூரிகையின் சாயம் தீர்ந்து கோடு மங்கியிருக்கும். இவை அரசர்களுக்காகச் செய்தவை அல்ல. சாங்ஷாவின் சூளைகளில் மொத்தமாகச் சுட்டு, பெரிய தாழிகளுக்குள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சுருள்வட்டமாக அடுக்கி, கடல் கடந்து விற்க அனுப்பிய அன்றாடப் பண்டம். ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு முன்பே மொத்த உற்பத்தியும் ஏற்றுமதியும் இந்த அளவுக்கு நடந்தன என்பதை எந்தப் புத்தகத்தையும்விட அந்த அடுக்கு தெளிவாகச் சொல்கிறது. தங்கக் கிண்ணங்களையும் வெள்ளிப் பெட்டிகளையும் தனியே காட்டுகிறார்கள், வேலைப்பாடு அருமை. என் மனம் என்னவோ அந்தப் பழுப்புத் திட்டுக் கிண்ணங்களிலேயே நின்றது.

கப்பல் கட்டிய விதமும் நமக்கு அந்நியமானதில்லை. பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்திருக்கிறார்கள். சோழமண்டலக் கரையில் அலை உடையும் இடங்களில் ஆளையும் சரக்கையும் கரையேற்றிய மசூலாப் படகுகளும் இப்படித் தென்னங்கயிற்றால் தைத்தவைதாம். ஆணி அடித்த படகு அலை மோதும்போது பிளந்துவிடும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். அதே முறையில் ஓமானில் கட்டிய கப்பல் ஒன்று 2010-இல் இந்தியப் பெருங்கடலைக் கடந்து சிங்கப்பூர் வந்து சேர்ந்தது. அப்பாவிடம் இதைச் சொன்னேன். "நம்ம ஊர்ல சலங்குப் படகுக்காரங்களும் இப்படித்தாம்பா தைப்பாங்கன்னு எங்க தாத்தா சொல்வாரு" என்று மட்டும் சொன்னார். ஆனால் அதன்பிறகு அந்தக் கூடத்தை விட்டு வர அவருக்கு மனமில்லை.

மாடியில் சமயங்களுக்கான கூடங்கள் உள்ளன. இந்து, பௌத்தத் திருமேனிகள் ஒரு பக்கம், இஸ்லாமியக் கலை ஒரு பக்கம், ஆசியக் கைகள் செய்த கிறிஸ்தவச் சிற்பங்கள் ஒரு பக்கம். அறை மாறும்போது நம்பிக்கை மாறுகிறது. தந்தமும் மரமும் செம்பும் பொன்னும் கடல் வழியே எல்லாருக்கும் பொதுவாக இருந்திருக்கின்றன என்பது பார்க்கப் பார்க்கத் தெரிகிறது. சோழர் காலச் செப்புத் திருமேனிகளின் முன் தமிழர்கள் நிற்கும் விதமே தனி. மற்றவர்கள் விளக்க அட்டையைப் படித்துவிட்டுச் சிலையைப் பார்க்கிறார்கள். நம்மவர்கள் முதலில் கை கூப்பிவிட்டு, பிறகு சங்கடப்பட்டுக் கையை இறக்கிக்கொண்டு, அதன்பின் அட்டையைப் படிக்கிறார்கள். அப்பா கையை இறக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு செய்தியை மறைக்காமல் சொல்ல வேண்டும். உமா பரமேசுவரியின் 11-ஆம் நூற்றாண்டுச் செப்புத் திருமேனி ஒன்றை அரும்பொருளகம் 2007-இல் நியூயார்க் கலைப்பொருள் வணிகர் ஒருவரிடமிருந்து 6,50,000 அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அது அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்டது என்பது பின்னர் தெரியவந்தது. 2015-இல் அதை இந்தியாவிடம் திருப்பித் தர அரும்பொருளகம் முடிவு செய்தது. அதே கோயிலின் நடராசரை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் அதற்கு முந்தைய ஆண்டே திருப்பித் தந்திருந்தது. ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் "நம்ம அம்மன்" என்று சொல்லிவந்த திருமேனியை, குளிரூட்டிய கண்ணாடிக்குள் அழகுப் பொருளாக நாம் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. திருப்பித் தந்தது முற்றிலும் சரியான செயல். அதன்பிறகு எந்த அரும்பொருளகத்துக்குப் போனாலும், சிலை எந்த நூற்றாண்டு என்பதோடு, யாரிடமிருந்து எந்த ஆண்டில் வந்தது என்பதையும் அட்டையில் தேடும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் இந்தப் பழக்கத்தை அவர்களுக்கும் கற்றுத் தரலாம். ஒரு கோயிலிலிருந்து எடுத்த பொருள் என்றால் அந்த ஊரின் பெயர் என்ன என்று கேட்கட்டும்.

அதற்கு மேல் தளத்தில் சீனப் பீங்கானும் துணிமணிகளும். பீங்கான் அறைகளை நான் விரைவாகக் கடந்துவிட்டேன். அதில் நாட்டமுள்ளவர்களுக்கு ஒரு முழுப் பிற்பகல் வேண்டியிருக்கும். துணிக் கூடத்தில் சோழமண்டலக் கரையில் நெய்து, கையால் வரைந்து, சாயவேர் கொண்டு சிவப்பேற்றி, இந்தோனேசியத் தீவுகளுக்கு அனுப்பப்பட்ட துணிகள் இடம் பெறுவதுண்டு. அங்கே அவற்றைக் கட்டிக் கிழித்துவிடாமல் குடும்பச் சொத்தாகத் தலைமுறை தலைமுறையாகப் பெட்டியில் வைத்துக் காத்து, திருமணத்துக்கும் சாவுச் சடங்குக்கும் மட்டும் வெளியே எடுத்தார்கள். நெய்த ஊரில் அதிகம் மிஞ்சாமல் போக, வாங்கிய ஊரில் அவை பிழைத்திருக்கின்றன. துணி வெளிச்சத்தில் மங்கிவிடும் என்பதால் கூடம் இருட்டாகவே இருக்கும், காட்சியையும் அவ்வப்போது மாற்றிவிடுவார்கள். கண் பழகும்வரை ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் பார்ப்பது நல்லது.

போக விரும்புகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். அரும்பொருளகம் காலை 10 மணிக்குத் திறந்து இரவு 7 மணிக்கு மூடுகிறது. வெள்ளிக்கிழமைகளில் 9 மணி வரை திறந்திருக்கும். மாலைக் கூட்டம் குறைவு என்பதால் நான் வெள்ளியையே பரிந்துரைப்பேன். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நிரந்தரக் காட்சிகளைக் காணக் கட்டணமில்லை. மற்றவர்கள் சீட்டு வாங்க வேண்டும். மூன்று மணி நேரம் வைத்துக்கொண்டு வாருங்கள். தளத்துக்குத் தளம் மின்தூக்கி இருப்பதால் சக்கர நாற்காலியோடு சென்ற எங்களுக்கு எங்கும் சிரமம் ஏற்படவில்லை. பணியாளர்கள் அப்பாவிடம் காட்டிய பொறுமையையும், ஓர் இளைஞர் தானாக வந்து கனத்த கதவைப் பிடித்துக்கொண்டதையும் நன்றியோடு குறிப்பிடுகிறேன். உள்ளே குளிர் அதிகம். முதியவர்களுக்குச் சால்வை ஒன்று எடுத்து வையுங்கள். தன்னார்வ வழிகாட்டிகள் நடத்தும் உலாவின் நேரத்தை முன்னரே பார்த்துக்கொண்டு போனால் பயன் இருமடங்காகும்.

ராஃபிள்ஸ் பிளேஸ் பெருவிரைவு ரயில் நிலையத்தில் இறங்கி, கெவனா பாலத்தைக் கடந்து வருவதுதான் சிறந்த வழி. 1869-ஆம் ஆண்டுக் காலத்துப் பாலம் அது. இந்திய நிர்வாகத்தின் கீழ் சிங்கப்பூரின் கடைசி ஆளுநராக இருந்தவரின் பெயர் தாங்கி நிற்கிறது. பாரம் ஏற்றிய வண்டிகளும் மாடும் குதிரையும் போகக் கூடாது என்ற பழைய எச்சரிக்கைப் பலகையை இன்றும் அதில் படிக்கலாம். பாலத்தின் நடுவில் நின்றால் அரும்பொருளகத்தின் முழு முகமும் தெரியும். நேரமிருந்தால் அங்கிருந்து சில நிமிட நடையில் பழைய நாடாளுமன்றத்தையும் பாருங்கள். கட்டடக் கலைஞர் கோல்மன் 1827-இல் ஒரு வணிகருக்கு வீடாக வடிவமைத்தது, நீதிமன்றமாகி, நாடாளுமன்றமாகி, 2004 முதல் கலை இல்லமாக இருக்கிறது. சயாம் மன்னர் சூலாலங்கோர்ன் 1871-இல் வந்துபோனதன் நினைவாக அளித்த வெண்கல யானை அதன் முன்னே நிற்கிறது. ஒரே ஆற்றங்கரையில் இரண்டு அரசுக் கட்டடங்கள் கலைக்கு வழிவிட்ட கதையை ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

எனக்கு ஒரு விருப்பம் உண்டு. பொருள்களை விட்டுவிட்டு, இந்தக் கட்டடத்தை மட்டுமே சுற்றிக் காட்டும் உலா ஒன்று சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளிலும் அடிக்கடி நடக்க வேண்டும். கைதிகள் சுட்ட செங்கல்லில் தொடங்கி, பதிவாளர் மேசையில் முடியும் உலா. அதைச் சொல்லக் கூடியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். எண்பதும் தொண்ணூறும் தாண்டியவர்கள். வரிசை எங்கே தொடங்கியது, எந்த வாசலில் மழைக்கு ஒதுங்கினார்கள், தாள் கைக்கு வந்ததும் யாரிடம் முதலில் காட்டினார்கள் என்று அவர்கள் வாயால் கேட்டுப் பதிவு செய்து வைக்க இதுவே தருணம்.

எட்டரை மணிக்கு வெளியே வந்தோம். ஆற்றுப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போன என்னை அப்பா நிறுத்தி, திடல் பக்கமாகப் போகச் சொன்னார். அவர் வழக்கமாக வெளியேறும் பக்கம் அதுதானாம். அங்கே நாற்காலியைத் திருப்பச் சொல்லிக் கட்டடத்தை ஒருமுறை பார்த்தார். "உன் சர்டிபிகேட்ட எங்க வச்சிருக்க?" என்று கேட்டார். வீட்டில், அம்மாவின் தகரப் பெட்டியிலேயே இருக்கிறது என்றேன்.